தெற்கு ஷட்டருக்கு அடியில்

என் ஐம்பத்து மூன்றாவது வயதில், ரஷ்யாவில் வசிக்கும் ஒரு மீனைத் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் பிடிப்பதற்காக நான் ஒரு தூண்டில் வாங்கினேன். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எங்கள் வாய்க்கால் ஷட்டர்க்காரரைப் பற்றிச் சொல்ல வழியில்லை. தவிர, அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எதையாவது மறைத்தால் அது அவருக்குச் செய்கிற அவமரியாதை.

மீனின் பெயர் ஸ்டர்ஜன். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் வந்து குடியேறிய புதிதில், என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், "ஏதாவது அமைதியான பொழுதுபோக்கா வச்சுக்குங்க" என்றார். நான் போனில் மீன்பிடி வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். ரப்பர் கால்சட்டை போட்ட தாடிக்காரர்கள் குளிர்ந்த ஆற்றில் படகில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்றம் பிடித்த இரையை ஆற்றின் அடியில் கிடத்திவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கடைசியில் ஆளைவிட நீளமாக, முதுகெல்லாம் எலும்புத் தகடு வைத்து, டைனோசருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா போல ஒன்று மேலே வரும். அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிக் காரியம்தான் என்னைக் கவிழ்த்தது. கோழிமுட்டைகூட வாசல் தாண்டாத குடும்பத்தில் பிறந்தவன் நான். பிடித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால் பாவமும் இல்லை, படமும் உண்டு.

மனைவியிடம் விளக்கினேன். "விடறதுக்குத்தான்னா எதுக்குங்க பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள்.

காவிரியில் ஸ்டர்ஜன் கிடையாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாற்பது மணி நேரம் வீடியோ பார்த்த ஒருவனுக்குத் தெரிந்தது ஒரு பக்கம் கிடக்கும், கை இன்னொரு பக்கம் பொத்தானை அழுத்திவிடும். 'ஸ்டர்ஜன் தூண்டில்' என்றே போட்டிருந்த ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்த கூரியர்க்காரர் பொட்டலத்தின் நீளத்தைப் பார்த்து, "கொடிக்கம்பமா சார்?" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வாய்க்கால் தலைப்புக்குப் போனேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடம். வடக்கே ஒரு ஷட்டர், தெற்கே ஒரு ஷட்டர், மேலே குறுகலான பாலம். தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த ஆழமான பள்ளம் கீழே. ஷட்டரைத் திறந்து மூடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். அன்று அந்த லஸ்கர் மொபெட்டை நிறுத்திவிட்டு என்னையும் தூண்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் பிடிக்கறீங்க?"

வெட்கத்தை விட்டு வீடியோவைக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார்.

"நம்ம ஆறு பத்தாது சார். அவ்ளோ பெரிய மீனு திரும்பறதுக்கு எடம் வேணாமா?" என்றார், பெண் வீட்டாருக்கு மண்டபம் சிறியது என்று தகவல் சொல்கிறவரைப் போல. "நீங்க விரால் பிடிங்க சார். எங்கெங்க கிடக்குதுன்னு நான் சொல்றேன்."

சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஒன்பது இடம். எந்த மதகு, எந்தக் கரை, எந்த வெங்காயத்தாமரைப் புதர், எத்தனை மணிக்கு. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீடியோத் தாடிக்காரர்கள் மீனின் எடை சொல்வார்கள், இரையின் பெயர் சொல்வார்கள், இடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். பின்னணியில் இருக்கும் மலையைக்கூட மங்கலாக்கிவிடுவார்கள். மீன் பிடிக்கிற ஒருவர் முன்பின் தெரியாதவனுக்கு ஒன்பது இடம் சொன்னால், அதில் ஒன்பதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று வங்கியில் முப்பது வருஷம் கடன் விண்ணப்பம் படித்த என் மூளை முடிவு கட்டியது.

ஒன்பதும் உண்மை. அந்த ஒன்பதிலும் எனக்கு முன்பே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அவர்தான் சொல்லியிருந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரிடமே கேட்டால் பெயர், அப்பா பெயர், ரத்த வகை, ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் வரை சொல்லிவிட்டுத்தான் எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்பார். யாராவது ஒருத்தர் வாயைக் கட்ட வேண்டும் என்பதால் நான் கட்டுகிறேன். இப்போது ஓய்வு பெற்று, நன்னிலம் பக்கம் மகள் இருக்கும் ஊரோடு போய்விட்டார்.

மறைக்கத் தெரியாது அவருக்கு. பெருமைக்காக உண்மை பேசுகிறவர் இல்லை. அரிச்சந்திரன் கதையை எடுத்தால் கொட்டாவி விடுவார். ஒரு விஷயம் தெரிந்தால், அடுத்து எதிரில் வருகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை காரணம் கேட்டேன்.

"மறைச்சா ஞாபகம் வச்சுக்கணும்ல சார், யார்கிட்ட எதை மறைச்சோம்னு. எனக்கு அவ்ளோ மூளை கிடையாது" என்றார்.

தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், முறை வைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். வடக்குக்கு மூன்று நாள், தெற்குக்கு மூன்று நாள். அந்த மாதிரி நாட்களில் லஸ்கரை எந்த ஊரும் நம்பாது. எதிர் ஊருக்கு இரண்டு அங்குலம் கூடத் திறந்துவிட்டான் என்று பேச்சு வரும், பேச்சு முற்றிக் கையில் மண்வெட்டியும் வரும். ஒரு கட்சிப் பிரமுகர் அவரைத் தனியே அழைத்து, மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரம் தன் வயல் பக்கம் ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பால் சொசைட்டியில், கேனோடு முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, இவர் அந்தப் பிரமுகரைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, நேத்து ஒரு மணி நேரம் திறக்கச் சொன்னீங்களே, பன்னெண்டு மணிக்குத் திறக்கட்டுமா, ஒரு மணிக்கா?"

பிரமுகர் பால் ஊற்றாமலே கேனைத் தூக்கிக்கொண்டு போனார். அவரை மாட்டிவிட வேண்டும் என்று இவர் நினைத்திருந்தால் அந்தக் கதை நன்றாக இருந்திருக்கும். இவருக்கு உண்மையாகவே நேரம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் கேட்டாராம்.

இன்னொரு முறை, புதிதாக வந்த இன்ஜினியர், தான் திடீரென்று ஆய்வுக்கு வரப்போவதை இவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்தார். ஆய்வு நாளன்று இரண்டு மைலுக்கு வாய்க்கால் கண்ணாடியாகக் கிடந்தது. தண்ணீர் இறைக்கிற திருட்டு மோட்டார் ஒன்றைக்கூடக் காணவில்லை. தன் நிர்வாகத்தின் லட்சணம் இது என்று இன்ஜினியர் பூரித்துப்போய்க் கிளம்பினார். "இவர்கிட்ட ரகசியம் சொல்றதும் கோயில் ஸ்பீக்கர்ல சொல்றதும் ஒண்ணு சார்" என்று லஸ்கரின் மனைவி என்னிடம் சொன்னது அப்போதுதான். அந்த அம்மாளுக்குப் பேச்சு அளவானது. வீட்டில் இருந்த மொத்தப் பேச்சில் முக்கால்வாசியைக் கணவர் எடுத்துக்கொண்டதால், மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சம்பிரதாயமாக, "பொண்ணப் பத்திச் சொல்லுங்க" என்றார். சொல்லச் சொன்னால் இவர் விடுவாரா?

"பிளஸ் டூவுல பிசிக்ஸ் ஒரு தடவை போயிருச்சு. மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிச்சு. கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேசாது. லீவு நாள்ல ஒம்போது மணிக்கு முன்னாடி எந்திரிக்காது. சாம்பார் சுமாரா வைக்கும். ரசம் வராது."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "போதும். மிச்சத்த அவங்களே கண்டுபிடிச்சுக்கட்டும்."

கூடத்தில் யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "பையன் துபாய்ல மேனேஜர்னு சொன்னோம்ல... அது சூப்பர்வைசர்தாங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா தன் பங்குக்கு, பையனுக்கு முன்னால் முடி கொட்டுவதையும், தனக்கு மூட்டு வலி என்பதையும் சொன்னார். அரை மணி நேரத்தில் தேதி குறித்துவிட்டார்கள். நான் பார்த்த பெண் பார்ப்பிலேயே இரண்டு தரப்பும் நிம்மதியாக மூச்சு விட்டது அது ஒன்றில்தான்.

விரால் பிடிப்பதை அவர் எனக்குச் சொல்லித் தந்ததும் இதே ரகம்தான். பாதி என்று ஒன்று கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு மூங்கில் கழி, நைலான் நூல், ஒரு தவளை. விரால் அடியிலேயே கிடக்காது, அவ்வப்போது மூச்சு வாங்க மேலே வரும், அந்த வட்டத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தவளை தண்ணீர்மேல் தத்திப் போகிற மாதிரி நூலை ஆட்ட வேண்டும். "கவ்வினதும் இழுக்காதீங்க சார். வாயிலதான் வச்சிருக்கும், துப்பிரும். பத்து எண்ணுங்க. உள்ள போனப்புறம் இழுங்க."

எனக்குத் தவளையை முள்ளில் கோக்க மனம் வரவில்லை. ரப்பர் தவளை வரவழைத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "செத்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே சார்" என்றார். மூன்று வருஷம் அந்தத் தவளையை வாய்க்கால் வாய்க்காலாகக் குளிப்பாட்டினேன். ஒரு மீனும் அதை மதிக்கவில்லை.

இனி அந்த மாசி மாதத்துக்கு வர வேண்டும்.

மேட்டூரை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு மணலாகிவிட்டது. வாய்க்காலில் ஷட்டருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர், அதுவும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி இருபது நாள். சாப்பாடு இறங்கவில்லை. நல்ல திடமான உடம்பு, துவைத்துப் போட்ட புடவை மாதிரி ஆகிவிட்டது. இப்படியே எடை குறைந்தால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: விரால் குழம்பு. புண் ஆற விரால் நல்லது என்பது எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். இவர் மார்க்கெட்டில் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "பண்ணை மீனு, தீவன வாடை அடிக்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவரேதான் சொன்னார். பால் சொசைட்டியில், காலை ஆறரை மணிக்கு, என்னையும் சேர்த்து நாலைந்து பேரிடம்.

"தெற்கு ஷட்டருக்கு அடியில ஒண்ணு கிடக்குது சார். ஒரு முழத்துக்குக் கொறையாது. காட்டாமணக்கு சாஞ்சு கிடக்குதுல்ல, அதுக்கு நேர் கீழ. எட்டு நாளாப் பாத்து வச்சிருக்கேன். இன்னிக்குச் சாயந்திரம் தண்ணி முழங்காலுக்கு வந்துரும். தையல் பாக்க அவளக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து பிடிச்சிரணும். ஆத்து மீனா இருந்தா அவளுக்கு நாலு வாயாவது எறங்கும் சார்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். என் காது 'நேர் கீழ' என்பதோடு நின்றுவிட்டது.

அவர் மேல் பழி போட எனக்கு வழி வேண்டும் என்றால், எட்டு நாள் காவல் காத்த மீனின் விலாசத்தை, தான் ஊரில் இல்லாத நாளில், ஊரைக் கூட்டிச் சொன்னது யார் தப்பு என்று கேட்கலாம். என்னையே கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.

பதினோரு மணிக்கு, கொடிக்கம்பமும் ரப்பர் தவளையுமாக நான் தெற்கு ஷட்டரில் இருந்தேன். காட்டாமணக்கின் நிழலில் ஒரு வட்டம் எழுந்து கலைந்தது. தவளையைப் போட்டேன். இரண்டாவது தத்தலில் தண்ணீர் வெடித்தது. பத்து எண்ண வேண்டும் என்பது ஞாபகம் வருவதற்குள் இழுத்துவிட்டேன். ஆளெடை மீனுக்காகச் செய்த தூண்டில் அது. விரால் தண்ணீரைவிட்டுக் கிளம்பி, என் தலைக்கு மேலே பறந்து, பாலத்தில் வந்துகொண்டிருந்த டிராக்டரின் டிரெய்லரில், வைக்கோல் மேல் போய் விழுந்தது.

டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்தினார். மேலே பார்த்தார், வானத்தை. பிறகு என்னை. "சார், இது உங்களுதா?" என்றார். அவரே முள்ளை எடுத்து, தன் பெயிண்ட் வாளியில் தண்ணீர் மொண்டு மீனைப் போட்டு, நான் வாளியோடு நிற்பதைப் படமும் எடுத்துக் கொடுத்தார்.

விட்டுவிடுவதுதான் மூன்று வருஷக் கொள்கை. ஆனால் என் மனைவி பார்க்காமல் விட்டால் அது நடந்ததாகவே ஆகாது. ஸ்கூட்டரில் வாளியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க" என்றாள். அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்க மேலே வந்தது. "பெரிசாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. "ஏங்க, தெற்கு ஷட்டர்லயா பிடிச்சீங்க? இதுக்குத்தானே அந்த லஸ்கர் எட்டு நாளா அலையறாரு, அவர் சம்சாரத்துக்காக? பால் ஊத்தற அம்மா சொன்னாளே. உங்ககிட்ட அவர் சொல்லலையா?"

சொல்லியிருந்தார். காலையில் கேட்காமல் விட்ட மறுபாதி, அவர் குரலிலேயே, ஒரு வார்த்தை குறையாமல் அப்போது எனக்குக் கேட்டது.

உடனே என் மூளை ஒரு திட்டம் போட்டது. மீனைத் திரும்பப் பள்ளத்தில் விட்டுவிடுவது. சாயந்திரம் அவர் வருவார், பிடிப்பார், யாருக்கும் எதுவும் தெரியாது. எவ்வளவு கண்ணியமான திட்டம்! அதைச் செயல்படுத்த மதியச் சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும் முடிந்து நான் வாளியோடு போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அவர் எனக்கு முன்பே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரமா நிக்கறேன் சார். மூச்சு வாங்கவே வரல. யாரோ பிடிச்சிட்டாங்க போலிருக்கு." குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை வரல போலிருக்கு என்பது போலத்தான் இருந்தது. ஆனால் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

திரும்பினார். வாளியைப் பார்த்தார். கரையேறி வந்து உள்ளே பார்த்தார். இடது கையில் தவளை இருந்தது போலிருக்கிறது. விரல் தளர்ந்ததும் அது குதித்து ஓடியது, அவர் கவனிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்த வாக்கியம் மிக நீளமானது, அதன் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எந்த எடத்துல சார் கவ்வுச்சு?" என்றார்.

"காட்டாமணக்குக்குக் கீழதான்."

"சொன்னேன்ல!" முகம் மலர்ந்துவிட்டது. "ரப்பருக்கா?"

"ஆமாம்."

"அடப்பாவி!" என்றார் மீனிடம். "இதுக்குப் போயி நெசத் தவளை தேடி அலைஞ்சனே."

சிரித்தார். பிறகு தோள் துண்டை எடுத்து முகம் துடைத்தார். ஒரு முகத்தைத் துடைக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. தையல் போட்ட இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் எடை இன்னும் இரண்டு கிலோ இறங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று, நான் கேட்காமலே, துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

வாளியை நீட்டினேன். வாங்க மறுத்தார். "நீங்க பிடிச்சது சார். மூணு வருசமா அலைஞ்சு பிடிச்சிருக்கீங்க."

"எங்க வீட்டுல மீனை விடுங்க, என்னையே கேட்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் கை நீட்டினார்.

அந்த அம்மாள் அன்று இரவு ஒரு கவளம் சாப்பிட்டார். மறுநாள் காலை பழைய குழம்பில் முழுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை எடை நின்றது, அடுத்த வாரம் ஏறியது. இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த செய்தியல்ல. 'சார் பிடிச்ச விரால்' என்று அவர் பால் சொசைட்டி, ரேஷன் கடை, செக்‌ஷன் ஆபீஸ் எல்லா இடத்திலும் சொல்லி முடித்துவிட்டார். டிராக்டர்க்காரரின் படம் எங்கள் உறவினர் வாட்ஸாப் குழுவுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டு, "நம்ம வம்சத்துல முதல் கொலை" என்றார்.

சித்திரையில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஷட்டருக்கு எண்ணெய் விடப் போயிருந்தார். அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கன்னத்தில் சதை திரும்பியிருந்தது. இரண்டு மாதமாக எனக்குள் ஒரு தத்துவம் பழுத்துக்கொண்டிருந்தது, அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தெரிந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லிவிடுகிற மனிதனுக்கு எதுவும் நஷ்டமாவதில்லை. சொன்ன இடத்திலிருந்து யாராவது ஒருவர் வழியாக அது அவனிடமே திரும்பி வந்துவிடும். பாருங்கள், அந்த விரால் வந்து சேரவில்லையா என்று, சற்று அழகாகவே சொன்னேன்.

அந்த அம்மாள் கீரையிலிருந்து தலையெடுக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"முப்பது வருசமா ஊருக்கெல்லாம் எடம் சொல்லிட்டிருக்காரு சார்" என்றார். "எத்தினி பேரு பிடிச்சாங்கன்னு கணக்கே இல்ல. கொண்டாந்து குடுத்தது நீங்க ஒருத்தர்தான். அதுவும் உங்க வீட்டுல மீனு திங்க மாட்டீங்கங்கறதாலதானே?"